அரை ஆயுள் அயடீனுக்கு, எனக்கில்லை

வெள்ளவத்தை
புதன்கிழமை

என் அன்பு மகள் மேனுகாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் ராகுலன் தம்பியும் வயிற்றிலிருக்கிற குஞ்சும் அப்படியே சுகமாக இருக்க வேண்டுமென்று கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். கடிதமென்றால் எல்லாரும் எழுதுகிற வரிதானே என்று நீ இதைத் தாண்டிப் போயிருப்பாய், தயவுசெய்து திரும்பிப் போய் முதல் வசனத்தை இன்னொரு தரம் வாசி. சுகமாக இருக்கிறேன். சாகப் போகவில்லை. எட்டு நாள் என்று அப்பா உனக்குச் சொன்னது என்னுடைய ஆயுளை இல்லை பிள்ளை, நான் விழுங்கின ஒரு குளிசையின் ஆயுளை, அதுவும் முழு ஆயுள்கூட இல்லை, அரை ஆயுள்! வட்ஸ்அப்பில் நான் அனுப்புவதெல்லாம் ஒற்றை ரிக்கோடு நிற்கிறது, நீ என்னை புளொக் பண்ணிவிட்டாய் என்று விளங்குகிறது, அதனால்தான் உன் ஒபிஸ் ஈமெயிலுக்கு எழுதுகிறேன், அதை நீ திறக்காமல் இருக்க முடியாது. சனிக்கிழமை நீ எயார்போர்ட்டுக்கு வெளிக்கிட முதல் இதைக் கடைசிவரைக்கும் வாசி, அவ்வளவுதான் நான் கேட்பது.

போன கிழமை நீ கோல் எடுத்தபோது நான் தண்ணீர்ப் போத்தலும் கையுமாகக் கட்டிலில் இருந்தேன். நீ ஹலோகூடச் சொல்லவில்லை, அம்மா நான் டிக்கெட் போட்டிட்டன், சனிக்கிழமை வெளிக்கிடுறன், நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொன்னாய். அப்பா உனக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வந்து என் கதவைத் தட்டப் போகிறாள் என்பதுதான். அந்தக் கணம் உன் வயிறு வாசலில் நிற்கிறமாதிரியே கண்ணில் தெரிந்தது. வராதை, இஞ்ச வரக்கூடாது, வந்தாலும் நான் கதவு திறக்க மாட்டன் என்று கத்திவிட்டேன். கத்தின கையோடு அழுகை வந்தது, அது உனக்குக் கேட்கக்கூடாதென்று ஃபோனையும் வைத்துவிட்டேன். எவ்வளவு பிழையான வேலை. நேற்று ராகுலன் தம்பி மெசேஜ் போட்டிருந்தார், மாமி, அவள் அழுதழுது சூட்கேஸ் அடுக்கிறாள், அம்மா சாகப்போறதை எனக்கு மறைக்கிறா, கடைசி நேரத்திலயும் என்னைத் தள்ளி வைக்கிறா என்று சொல்கிறாள், என்ன நடந்தது எண்டு உங்கள் வாயால சொல்லுங்கோ என்று. நான் அவருக்கு எல்லாம் விளக்கினேன், அவரும் உனக்குச் சொல்லிப் பார்த்தாராம். நீ நம்பவில்லையாம், அம்மா சொல்லிக் குடுத்ததை நீங்கள் ஒப்புவிக்கிறியள், அப்பா அழுதவர், அப்பா பொய்க்கு அழமாட்டார் என்றாயாம். உண்மைதான், அப்பா பொய்க்கு அழவில்லை, பிழையாக விளங்கிக்கொண்டு உண்மையாகவே அழுதார். விசயம் விளங்கி அவர் திரும்ப எடுத்தபோது, அதையும் அம்மா சொல்லிக் குடுத்தது என்று நீ ஃபோனை வைத்துவிட்டாயாம். ஆகவே நான் உனக்கு அணுவிலிருந்தே தொடங்கப் போகிறேன், ஒன்றும் மறைக்காமல். விளங்கினால் நம்புவாய்.

உனக்கு நினைவிருக்கா, தைப்பொங்கலுக்கு வீடியோ கோலில் பார்த்துவிட்டு, அம்மா மெலிஞ்சு வடிவா வந்திட்டீங்கள், என்னைவிடச் சின்னப் பிள்ளை மாதிரி என்று பகிடி பண்ணினாய். அது வடிவில்லை மகள், தைரொயிட். கழுத்திலிருக்கிற அந்தச் சுரப்பி தேவைக்கு மேல் வேலை செய்யத் தொடங்கி, நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை நடுங்கும், சோறு எவ்வளவு தின்றாலும் உடம்பில் நிற்காது. மருந்து குடித்துப் பார்த்தேன், நிறுத்தினால் திரும்ப வந்தது. உனக்குச் சொல்லவில்லை, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு ஏன் என்று விட்டேன், அது தனியாக ஒரு பிழை. பிறகு டொக்டர் கதிரியக்க அயடீன் ஒரு குளிசை தருவோம், ஒரே குளிசையில் பெரும்பாலும் சரிவந்துவிடும் என்றார். உன் அப்பா வெளியே வந்ததும் முதல் கேட்ட கேள்வி, உது அணுகுண்டுச் சாமானெல்லே, உதை எப்பிடியப்பா தின்னுறது என்பதுதான். எனக்கும் பயம்தான், ஆனால் எனக்குப் பயம் வந்தால் யூடியூப்பைத் திறப்பேன் என்று உனக்குத் தெரியும்தானே. அன்றைக்கு ஒரு வீடியோ பார்த்தேன், அது முடிய இன்னொன்று, அது முடிய இன்னொன்று, கடவுளே, மேனு, இவ்வளவு காலமும் ஒருவரும் ஏன் எனக்கு இதைச் சொல்லவில்லை! ஓ.எல்.லோடு படிப்பை விட்டுப் பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள் நான், அணு என்றால் சின்னது என்று மட்டும் தெரிந்திருந்தது. இப்போது நான் டெலிகிராமில் அணுப் பைத்தியங்கள் என்று ஒரு குரூப்பில் இருக்கிறேன், பாதிப் பேர் ஏ.எல். எடுக்கிற பிள்ளைகள், அவர்கள் எனக்கு வைத்திருக்கிற பெயர் அயடீன் அக்கா. சிலபேருக்குக் கிரிக்கெட்காரர் மாதிரி எனக்கு நியூத்திரன். சத்தமில்லாமல், ஏற்றமில்லாமல், யாரோடும் சண்டைபிடிக்காமல் இருந்துகொண்டு முழு ஆட்டத்தையும் மாற்றுவது அதுதான். குளிசை விழுங்குகிற அன்றைக்கு நான் புதுச் சல்வார் போட்டுக்கொண்டுதான் போனேன் என்றால் பார்த்துக்கொள். அங்கே வேலை செய்கிற அஷ்ரப் தம்பி கனமான ஈயச் சாடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, நீட்டுப் பிடியாலே குளிசையை எடுத்துத் தந்தார். நான் ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அன்டி, இவ்வளவு சந்தோசமா இதக் குடிக்கிற ஆள நான் இண்டைக்குத்தான் பாக்கிறன், கெதியா விழுங்குங்க, நான் அங்கால போகணும் என்றார்.

நான் உள்ளே இருக்கும்போதுதான் கதை பிழைத்தது. அஷ்ரப் தம்பி வெளியே வந்து வாங்கிலில் இருந்த அப்பாவுக்கு விளக்கியிருக்கிறார், பயப்படாதீங்க சேர், இந்த மருந்துட அரை ஆயுள் எட்டு நாள், கொஞ்ச நாளைக்குத் தள்ளி இருந்தாச் சரி என்று. அந்தப் பிள்ளை சரியாகத்தான் சொன்னது. உன் அப்பாவின் காதில் விழுந்தது ஆயுள், எட்டு நாள், தள்ளி இருங்கோ. ஆஸ்பத்திரியில் ஆயுள் என்ற சொல்லைக் கேட்டால் எந்த மனிசன் மருந்தின் ஆயுளை நினைப்பான், நீயே சொல்லு. எங்கள் ஆட்களுக்கு ஆயுள் என்றால் சாத்திரியார் பார்த்துச் சொல்கிறது. வரும் வழியில் திறீவீலில் இவர் ஒரு முனையில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார், நான் தள்ளி இருக்கச் சொன்னதற்குத்தான் அப்படி இருக்கிறார் என்று நினைத்தேன். எங்களுடைய ஃபிளாட்டில் ஒரு அறை, ஒரு பாத்ரூம், ஆகவே முதலே பேசி வைத்தபடி அவர் கொட்டாஞ்சேனையில் தன் கூட்டாளி றேமண்ட் அங்கிள் வீட்டுக்குப் போனார். போகும்போது வாசலில் நின்று, உனக்கு என்ன சாப்பிட ஆசையாக் கிடக்கு என்று கேட்டார். இருபத்துநாலு வருசத்தில் கேட்காத கேள்வி. நான் மருந்துக்காக மீனை விட்டிருந்தேன், அறக்குளா மீன் குழம்பு என்று சும்மா சொன்னேன், மனிசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போகிறார். அங்கே போய்த்தான் உனக்கு கோல் எடுத்திருக்கிறார். றேமண்ட் அங்கிள்தான் பிறகு எனக்குச் சொன்னார், தங்கச்சி, இவன் நேத்து முழுக்க மாதா சுரூபத்துக்கு முன்னால முழங்கால்ல நிண்டவன், சைவக்காரன் இப்பிடி நிண்டா அது சின்ன விசயமா இருக்காது எண்டு நானும் பேசாம விட்டுட்டன் என்று. விசயம் வெளித்த பிறகு அவர் அப்பாவை விட்டபாடில்லை. கதிர்காமநாதனைக் கதிர் என்றுதானே அவர் கூப்பிடுவார், கதிர் வீட்டை விட்டு வெளியேறியாச்சு, இனி தங்கச்சிக்கு என்ன கதிர்வீச்சுப் பயம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாராம்.

இப்போது அணுவுக்கு வருகிறேன், தாண்டாதே. ஒரு அணுவுக்கு நடுவில் கரு என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் புரோத்தனும் நியூத்திரனும், வெளியே தூரத்தில் இலத்திரன்கள். தூரம் என்றால் எவ்வளவு தூரம் தெரியுமா, அயடீன் அணுவின் கருவை ஒரு தோடம்பழம் என்று வெள்ளவத்தைச் சந்தைக்குள் வைத்தால், வெளியே நிற்கிற இலத்திரன் பாமன்கடைப் பக்கம்தான் எங்கேயாவது நிற்கும். இடையில் ஒன்றுமே இல்லை, ஒரு கடை இல்லை, ஒரு பஸ் இல்லை, ஒரு ஆள் இல்லை. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறோமாம். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஓடிப்போய்ச் சொல்ல வீட்டில் ஒருவருமில்லை, குசினிக்குப் போய் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். சரி, அயடீனுக்கு ஐம்பத்துமூன்று புரோத்தன், அந்த எண்ணிக்கை மாறினால் அது அயடீனே இல்லை. உப்பிலும் மீனிலும் இருக்கிற நல்ல அயடீனுக்கு எழுபத்துநாலு நியூத்திரன். எனக்குத் தந்ததற்கு எழுபத்தெட்டு. நாலே நாலு நியூத்திரன் கூட, அந்த நாலால் கருவுக்குள் நிம்மதி இல்லை. ஒரு நாள் ஒரு நியூத்திரன் தானாகவே புரோத்தனாக மாறும், மாறும்போது ஒரு இலத்திரனை வெளியே எறியும், அதுதான் பீற்றாக் கதிர், கூடவே காமாக் கதிரும் வரும், அணு செனன் என்கிற வேறு ஆளாகிவிடும். இதுதான் கதிரியக்கம், மந்திரமும் இல்லை குண்டும் இல்லை, நிம்மதியில்லாத ஒன்று நிம்மதி தேடுகிறது. தைரொயிட் இருக்கிறதே, அதற்கு அயடீன் என்றால் பைத்தியம், உடம்பில் எங்கே அயடீன் வந்தாலும் இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும், நல்லது கூடாதது தெரியாது. அப்படி உள்ளே போனதும் பீற்றா ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தூரம்தான் பாயும், அதற்குள் அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிற கலங்களை மட்டும் அழிக்கும், பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகாது. எவ்வளவு கெட்டித்தனம் பார்! ஆனால் காமா அப்படியில்லை, அது கழுத்தைத் தாண்டி, தோலைத் தாண்டி, பக்கத்தில் இருக்கிறவருக்குள்ளும் போகும். வளர்ந்த ஆட்களுக்குக் கொஞ்ச நேரம் பெரிதாக ஒன்றும் செய்யாது. வயிற்றுப் பிள்ளைக்கு வேண்டாம். நீ என்னைக் கட்டிப்பிடித்தால் என் கழுத்துக்கும் உன் வயிற்றுக்கும் இடையில் என்ன இருக்கும், ஒரு சேலைத் துண்டு. எங்கள் தமிழில் அணுவுக்குள் இருப்பதற்கும் கரு என்றுதான் பெயர், உனக்குள் இருப்பதற்கும் கரு என்றுதான் பெயர். ஒன்றை ஒன்றுக்குக் கிட்ட விடக்கூடாது என்றுதான் நான் கத்தினேன்.

அரை ஆயுள் என்றால் இதுதான். எந்த அணு எப்போது வெடிக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது, ஆனால் கூட்டமாக எடுத்தால் எட்டு நாளில் பாதி அணுக்கள் மாறி முடிந்திருக்கும். இதை நான் அப்பாவுக்கு ஃபோனில் விளக்கினேன், விளக்கினதும் மனிசன், அப்ப நீர் சாகேல்லையோ என்றார். ஏன், ஏமாற்றமோ என்று கேட்டேன். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை, பின்னால் றேமண்ட் அங்கிள் மச்சான் ஃபோனைக் குடு, மூக்கைச் சீறு முதல்ல என்று சொல்வது மட்டும் கேட்டது. அதோடு முடிந்தது என்று பார்த்தால் அடுத்த நாள் புதுக் கணக்கோடு வருகிறார், எட்டு நாளில் பாதி போனால் அடுத்த எட்டு நாளில் மற்றப் பாதியும் போயிடும்தானே, அப்ப பதினாறாம் நாள் நான் பையோட வாறன் என்று. இல்லையப்பா, அடுத்த எட்டில் மிச்சத்தின் பாதிதான் போகும், கால்வாசி நிற்கும், அதற்கடுத்த எட்டில் அரைக்கால்வாசி, இப்படியே பாதி பாதியாகப் போகும் என்றேன். அப்ப உது எப்பதான் முடியும் என்று கத்துகிறார். கணக்கின்படி முழுதாக முடியாது, ஆனால் உடம்பு தண்ணீரோடும் கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும், ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் அதைப்பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, அது எப்போது என்று டொக்டர் சொல்வார் என்றேன். இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால் நீயும் அவருடைய மகள், எட்டும் எட்டும் பதினாறு என்று கூட்டிக்கொண்டு நிற்பாய். டொக்டர் எனக்குச் சொன்னது, பெரியவர்களோடு முதல் சில நாள் தள்ளி இருந்தால் போதும், ஆனால் பிள்ளைத்தாய்ச்சிகளும் சின்னப் பிள்ளைகளும் ஒரு மாதத்துக்குக் கிட்டவே வரக்கூடாது என்று. நான் குளிசை விழுங்கி இன்னும் ஒரு கிழமைகூட ஆகவில்லை. சனிக்கிழமை நீ ஏறினால் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே வந்து இறங்குவாய்.

இங்கே எப்படிப் போகிறது என்று கேட்பாய். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு துவாய், உடுப்பெல்லாம் தனியாகத் தோய்த்துத் தனியாகக் காயப் போடுகிறேன், கக்கூசுக்கு இரண்டு தரம் தண்ணீர் அடிக்கிறேன், எச்சில் ஊற வேண்டுமென்று தேசிக்காய் இனிப்புச் சப்பிச் சப்பி நாக்கு மரத்துப்போயிற்று. கீழ் வீட்டுப் பலீலாவுக்கு முதல் நாளே கதவுக்கு உள்ளே நின்று எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் கேட்டுவிட்டு, ஒன்னுமே வெளங்கல்ல அருந்ததி, கொரோனா மறுகா வந்தீக்கா, அத மட்டும் சொல்லுங்க என்றாள். இல்லை என்றேன். அப்ப சரி, நான் சாப்பாடு வெக்கிறன் என்று போய்விட்டாள். அன்றிலிருந்து வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, அதில் இடியப்பமோ சோறோ வைத்து, மணியை அடித்துவிட்டுப் படியிறங்கி நின்று, எடுத்தீங்களா என்று சத்தம் போடுவாள், எடுத்தேன் என்று நான் சத்தம் போடுவேன். எங்கள் மாடிக்கு மேலே இருக்கிற ரீச்சர் அதைப் பார்த்துவிட்டு, என்ன அருந்ததி, வீட்டில துடக்கோ, ஆர் செத்தது, சொல்லவேயில்லை என்று கேட்டா. தனித் தட்டு, தனிப் பாய், ஒருவரும் தொடக்கூடாது, முப்பத்தொரு நாளுக்குக் கிட்ட, யோசித்துப் பார்த்தால் துடக்கேதான், சாவு மட்டும்தான் இல்லை. பகலில் ஏதோ சமாளிக்கலாம் பிள்ளை. பாண் விற்கிற திறீவீல் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், பல்கனியில் நின்று ஓனே நே மல்லி என்று சிங்களத்தில் சொல்லிக் கையை ஆட்டுவேன், வேண்டாம் என்பதைச் சொல்வதற்காகவே ஒவ்வொரு நாளும் போய் நிற்கிறேன், அந்தப் பொடியனும் இப்போது நிற்காமல் ஹோர்ன் மட்டும் அடித்துவிட்டுப் போகிறான். குரூப்பில் பிள்ளைகள் எந்த நேரமும் கதைக்கும், நான் ஒன்று போட்டால் நாற்பது இதயம் விழும், ஆனால் நாற்பது இதயத்தில் ஒன்றாவது வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காதுதானே. கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும், முந்தி அது எனக்குக் கேட்பதேயில்லை, இப்போது எந்த ரயில் எந்தத் திசைக்குப் போகிறது என்று சத்தத்திலேயே தெரிகிறது. அப்பா வேலை முடிந்து மருதானையிலிருந்து நேரே இங்கே வந்து ஒழுங்கையில் நின்று மேலே பார்ப்பார், நான் பல்கனியில் நிற்பேன், ஃபோனில் கதைப்போம். அவருக்குச் சேர்ட் நெளிந்திருக்கும், மேலிருந்தே தெரியும், இறங்கிப் போய் இழுத்துவிட முடியாது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதைச் சொல்லத்தான் எனக்கு ஒரே துடிப்பு. நீங்கள் பிக்கறிங்குக்குக் குடிபோனபோது தபாலில் ஒரு குளிசைப் பெட்டி வந்தது, அணுமின் நிலையம் கிட்ட இருக்கிறபடியால் எல்லா வீட்டுக்கும் தருகிறார்களாம் என்று நீ வீடியோவில் காட்டினாய். அப்போது நான், ஐயோ பிள்ளை, உந்த ஊர் வேண்டாம், வேற வீடு பாருங்கோ என்று இரண்டு நாள் சண்டை பிடித்தேன். அந்தக் குளிசை என்ன தெரியுமா, அயடீன்! நல்ல அயடீன். உலையில் யுரேனியத்தின் கருவை ஒரு நியூத்திரன் போய் இடித்தால் அது இரண்டாகப் பிளக்கும், பிளக்கும்போது இன்னும் இரண்டு மூன்று நியூத்திரன் வெளியே வரும், அவை போய் அடுத்த கருக்களை இடிக்கும், அதிலிருந்து இன்னும் வரும், இது அளவுக்கு மிஞ்சிப் போகாமல் நியூத்திரனைக் குடிக்கிற தண்டுகளை உள்ளே இறக்கி அடக்கி வைத்திருக்கிறார்கள். வருகிற சூட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியால் சில்லைச் சுற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். இவ்வளவு பெரிய விஞ்ஞானமும் கடைசியில் தண்ணீர் கொதிக்க வைக்கத்தான் என்று அறிந்தபோது நான் தனியே இருந்து சிரித்தேன், எங்கள் வீட்டுக் கேத்தில்தான், கொஞ்சம் பெரிதாக. யுரேனியம் பிளந்தால் வருகிற துண்டுகளில் ஒன்று என்னுடைய அயடீன். ஏதாவது ஆபத்து நடந்து அது காற்றில் வந்தால், உங்கள் தைரொயிட் அதை இழுக்க முதல் நல்ல அயடீனால் நிரப்பி, இடமில்லை போ என்று வாசலை அடைப்பதற்குத்தான் அந்தக் குளிசை. நீ வாசலை அடைக்க வைத்திருக்கிறாய், நான் வாசலைத் திறந்து கூப்பிட்டு விருந்து வைத்தேன். எனக்குத் தந்ததும் எங்கேயோ ஒரு உலையில் செய்து விமானத்தில் வந்ததுதான், உன் வீட்டு லைட்டில் பாதியும் அப்படி ஒரு உலையிலிருந்துதானாம். அது தெரிந்ததிலிருந்து உன் ஊர்மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது, உன் குசினி ஜன்னலுக்கால் ஏரியும் அந்தக் கட்டடங்களும் தெரியுமே, அந்தப் படத்தைத்தான் ஃபோனில் வைத்திருக்கிறேன். ஆனால் கேள், அந்தப் பெட்டியை உயரத்தில் வை, அரசாங்கம் போடச் சொல்லி அறிவித்தால் ஒழிய நீயாகத் திறக்காதே, அம்மாவைப் பார்க்கப் போகிறேன் அதனால் ஒன்றைப் போட்டுக்கொண்டு போகலாம் என்றெல்லாம் புத்தி போகக்கூடாது. அது தைரொயிட்டை மட்டும்தான் காக்கும், காமாவுக்கு அது குடையில்லை.

இவ்வளவும் வாசித்தபிறகு நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சரி அம்மா, உங்களுக்குக் கிட்ட வரேல்லை, றேமண்ட் அங்கிள் வீட்டில அப்பாவோட நிக்கிறன், தூரத்தில நிண்டு பாத்திட்டுப் போறன் என்பாய். விஞ்ஞானப்படி நீ சொல்வது சரி. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசியாகும், கொட்டாஞ்சேனையில் இருக்கிற உனக்கு வெள்ளவத்தையில் இருக்கிற நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மேனு, அந்தத் தூரம் அயடீனுக்குப் போதும், எனக்குப் போதாது. எனக்கு விசா இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள், உன்னை நான் கையால் தொட்டு மூன்று வருசம். நீ ஊரில் நிற்கிறாய் என்று தெரிந்தால், அப்பா நிற்கிற அந்த ஒழுங்கையில் நீ வந்து நின்று மேலே பார்த்தால், நான் பல்கனியில் நின்று கையை ஆட்டுவேன் என்றா நினைக்கிறாய். மூன்று மாடியும் செருப்பில்லாமல் இறங்கி ஓடி வருவேன். கதிர் பற்றி எவ்வளவு படித்தேனோ அவ்வளவும் இரண்டாம் மாடியிலேயே மறந்துபோகும். உன் வயிற்றில் கையை வைத்துத்தான் நிற்பேன். எனக்கு அயடீனில் பயமில்லை, அது என்ன செய்யும் எவ்வளவு தூரம் போகும் எப்போது குறையும் என்று கணக்குத் தெரியும். என்னில்தான் எனக்கு நம்பிக்கையில்லை. அதனால்தான் கதவு திறக்கமாட்டேன் என்று கத்தினேன், அது உனக்குச் சொன்னதில்லை, எனக்குச் சொன்னது. நீ வேண்டாமென்று இல்லை பிள்ளை. இந்த வீட்டில் ஒவ்வொரு தரம் மணி அடிக்கும்போதும் பலீலாவின் சாப்பாடு என்று தெரிந்துகொண்டே உன் பெயரைத்தான் முதலில் நினைக்கிறேன்.

மற்றப்படி இங்கே எல்லாம் வழமைபோல. மேல்மாடித் தண்ணீர்த் தாங்கி திரும்ப ஒழுகுகிறது, அப்பா றேமண்ட் அங்கிள் வீட்டுச் சமையலில் தொந்தி வைத்துவிட்டார். ராகுலன் தம்பியோடு கோபிக்காதே, பாவம் அவர், நடுவில் அகப்பட்டுக்கொண்டார். பாரமான சூட்கேஸை நீ தூக்காதே, அடுக்கினதை அப்படியே மூடி ஒரு மூலையில் வை. இரும்புக் குளிசையை விடாதே. நீயும் தம்பியும் என் பேரப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், நீண்ட, முழு ஆயுளோடு இருக்க வேண்டுமென்று அம்மா மனமார ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஏஜென்சிக்கு இன்றைக்கே கோல் எடு, அவர்கள் கேட்டால் அம்மாவுக்குச் சுகம் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லு. டிக்கெட்டைக் கான்சல் பண்ணாதே. திகதியை மட்டும் மாற்று.

உன் வருகைக்காக வீட்டிலிருக்கும்,
அம்மா
அருந்ததி கதிர்காமநாதன்